பட்ஜெட்டுக்கு மதிப்பெண் போடுகிறவர்களுக்கு

பெருநிறுவனங்களின் தலைவர்களுக்கும் தொழில் வர்த்தக சபைகளின் பொறுப்பாளர்களுக்கும்:

ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் தேதி பகல் 11 மணிக்கு நிதியமைச்சர் மக்களவையில் எழுந்து நிற்கிறார். அவர் உரையை முடித்து உட்காருவதற்குள் உங்கள் வரவேற்பு அறிக்கைகள் வந்துவிடுகின்றன. வளர்ச்சிக்கான பட்ஜெட், தொலைநோக்குள்ள பட்ஜெட், பத்துக்கு ஒன்பது மதிப்பெண் என்கிறீர்கள். நிதி மசோதாவின் பக்கங்களை யாரும் முழுதாகப் புரட்டியிருக்க முடியாத அந்தப் பிற்பகலிலேயே தொலைக்காட்சி அரங்குகளில் உங்கள் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. அரசிடம் கேட்க வேண்டியதை எங்கள் சிறுதொழில் சங்கங்கள் மனுவாக எழுதி டெல்லிக்கும் சென்னைக்கும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கின்றன. உங்களிடம் கேட்க வேண்டியதை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அதனால் இந்த மடல்.

கோவையில் நானும் என் தம்பியும் சேர்ந்து ஒரு பட்டறை நடத்துகிறோம். லேத், மில்லிங், சி.என்.சி. மெஷின்கள். பம்புக்கும் மோட்டாருக்கும் வண்டிகளுக்கும் தேவையான பாகங்களைக் கடைந்து பெரிய கம்பெனிகளுக்குக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. உங்கள் ஆலையில் அசெம்பிளி லைனில் ஓடும் பொருளின் உள்ளே எங்களைப் போன்றவர்கள் கடைந்து கொடுத்த ஷாஃப்ட்டும் புஷ்ஷும் ஃபிளாஞ்சும் இருக்கின்றன. ஆகவே உங்கள் பட்ஜெட் கருத்து எங்களுக்கு வெறும் செய்தி அல்ல. நீங்கள் முதலீடு செய்தால் எங்களுக்கு ஆர்டர். நீங்கள் தயங்கினால் எங்கள் மெஷின் சும்மா கிடக்கும்.

உங்களுக்குக் கிடைத்ததை முதலில் பேசிவிடுவோம். 2019 செப்டம்பர் 20, கோவாவில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடவிருந்த நாள். பட்ஜெட் போட்டு இரண்டரை மாதம்தான் ஆகியிருந்தது. அன்று காலை நிறுவன வருமான வரி 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மற்ற வரிச் சலுகைகளை விட்டுக்கொடுத்தால் போதும் என்பது நிபந்தனை. புதிதாகத் தொடங்கும் உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதம். இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே அறிவித்தது. சென்செக்ஸ் அன்று ஒரே நாளில் 1,900 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. பட்ஜெட்டுக்கு முந்தைய ஆலோசனைக் கூட்டங்களில் உங்கள் சபைகள் ஆண்டாண்டாகக் கேட்டுவந்தது கைக்கு வந்தது. வரி குறைந்தால் முதலீடு பெருகும், வேலை பெருகும் என்பதுதான் நீங்கள் அப்போது சொன்ன நியாயம்.

எங்கள் பட்டறை பார்ட்னர்ஷிப். பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்கு வரி இன்றைக்கும் 30 சதவீதம்தான். பாகத்தைக் கடைந்து கொடுக்கிறவன் 30 கட்டுகிறான், அதை வாங்கிப் பொருத்தி விற்கிறவர் 22 கட்டுகிறார். இதைப் பொறாமையில் சொல்லவில்லை. நாட்டின் பொதுப்பணத்திலிருந்து ஒரு நம்பிக்கையின் பேரில் உங்களுக்குத் தரப்பட்ட இடைவெளி அது என்பதை நீங்கள் உணர வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். வாங்கிக்கொண்டவர்கள் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

அது மட்டுமா? 14 துறைகளுக்கு உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகையாக 1.97 லட்சம் கோடி ஒதுக்கினார்கள். அரசின் மூலதனச் செலவு 2019-20இல் சுமார் 3.4 லட்சம் கோடி. 2024-25 பட்ஜெட்டில் அது 11.11 லட்சம் கோடி. சாலையும் ரயில்பாதையும் துறைமுகமும் அரசு போட்டுக்கொடுத்தால் தனியார் முதலீடு பின்னால் வந்து சேரும் என்று கணக்குப் போட்டுத்தான் இத்தனை செலவும் நடந்தது. 2024 ஜூலை பட்ஜெட்டில் முன்னணி 500 நிறுவனங்களில் ஐந்தாண்டில் ஒரு கோடி இளைஞர்களுக்குப் பயிற்சி என்றார்கள், உதவித்தொகையின் பெரும்பகுதியையும் அரசே ஏற்றுக்கொண்டது. பிறகு, புதிதாக ஆள் எடுத்தால் ஓர் ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் வரை முதலாளிக்கே தருகிறோம் என்று கிட்டத்தட்ட ஒரு லட்சம் கோடி ரூபாயில் இன்னொரு திட்டம், 2025 ஆகஸ்ட் முதல். ஒரு தேசம் தன் தொழிலதிபர்களிடம் இதற்கு மேல் எப்படிக் கேட்கும்?

நீங்கள் தந்த பதிலைச் சொல்ல நான் எதிர்க்கட்சிக்காரர்களின் பேச்சை எடுக்கப்போவதில்லை. அரசின் சொந்தப் பொருளாதார ஆய்வறிக்கையே போதும். தலைமைப் பொருளாதார ஆலோசகர் வி. அனந்த நாகேஸ்வரன் 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வறிக்கை 33,000க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தது. 2020க்கும் 2023க்கும் இடையில் அவற்றின் வரிக்கு முந்தைய லாபம் ஏறத்தாழ நான்கு மடங்காகியிருந்தது. ஆள் எடுப்பதும் சம்பளமும் அந்த வேகத்தின் பக்கத்தில்கூட வரவில்லை. அடுத்த அறிக்கை இன்னும் தெளிவாகச் சொன்னது. 2023-24இல் பெரிய நிறுவனங்களின் லாபம் 22.3 சதவீதம் வளர்ந்தது, வேலைவாய்ப்பு வளர்ந்தது 1.5 சதவீதம். அதே ஆண்டில் நிறுவனங்கள் கட்டிய வருமான வரி சுமார் 9.1 லட்சம் கோடி, தனிநபர்கள் கட்டியது சுமார் 10.4 லட்சம் கோடி. மாதச் சம்பளக்காரரும் என்னைப் போன்ற சில்லறைத் தொழில்காரரும் சேர்ந்து, நாட்டின் எல்லாக் கம்பெனிகளையும்விட அதிக வருமான வரி கட்டுகிறோம்.

முதலீட்டுக்கு வருவோம். 2022 செப்டம்பரில் நிதியமைச்சரே உங்களைப் பார்த்துக் கேட்டார், அனுமனைப் போல உங்கள் பலத்தில் உங்களுக்கே நம்பிக்கை இல்லையா, எது உங்களைத் தடுக்கிறது என்று. ஒரு நிதியமைச்சர் இப்படிப் பகிரங்கமாகக் கேட்க நேர்ந்ததே எனக்கு வருத்தமாக இருந்தது. பதில் வந்ததா? தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2025 ஏப்ரலில் தனியார் முதலீட்டுத் திட்டங்களைப் பற்றி ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. 2024-25க்கு 6.56 லட்சம் கோடி முதலீட்டைச் சொன்ன நிறுவனங்கள் 2025-26க்கு 4.89 லட்சம் கோடிதான் கூறின. கால்வாசி குறைவு. பதில் சொன்னவர்கள் எச்சரிக்கையாகக் குறைத்துச் சொல்லியிருக்கலாம் என்று அந்த அலுவலகமே குறிப்பிட்டது, அதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் 2024 ஜூலை பட்ஜெட்டை நீங்கள் வாய்நிறைய வரவேற்ற சில மாதங்களில் எடுக்கப்பட்ட கணக்கு அது. பத்துக்கு ஒன்பது போட்ட பட்ஜெட்டை நம்பி உங்கள் நிறுவனமே பணம் போடத் தயங்குகிறது என்றால் அந்த மதிப்பெண்ணுக்கு என்ன பொருள்?

நீங்கள் சொல்லும் காரணம் எனக்குத் தெரியும். தேவை இல்லை என்பீர்கள். இருக்கிற ஆலையிலேயே முக்கால் பங்கு உற்பத்தித் திறன்தான் ஓடுகிறது, புது ஆலை எதற்கு என்பீர்கள். சீனாவிலிருந்து மலிவாக வந்து இறங்குகிறது, உலக நிலவரம் சரியில்லை, கடந்த பத்தாண்டில் கடன் வாங்கிக் கட்டியவர்கள் மூழ்கியதைப் பார்த்துவிட்டோம் என்பீர்கள். இவற்றில் பொய் எதுவும் இல்லை. சந்தை இல்லாத இடத்தில் ஆலை கட்டச் சொல்லும் அளவுக்கு நான் தொழில் தெரியாதவன் அல்ல.

ஆனால் அந்தத் தேவை எங்கே போனது என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். நகரத்து நடுத்தரக் குடும்பம் வாங்குவதைக் குறைத்துக்கொண்டது என்று 2024 இறுதியில் உங்களில் சிலரே சொன்னீர்கள். சம்பளம் ஏறாத குடும்பம் எதை வைத்து வாங்கும்? அரசு ஒரு லட்சம் கோடியை விட்டுக்கொடுத்து 12 லட்சம் ரூபாய் வருமானம் வரை வரி இல்லை என்று 2025இல் அறிவித்தது. வாங்கும் சக்தியைக் கூட்ட அரசு தன் பங்குக்குப் பணத்தைப் போட்டது. உங்கள் பங்கு சம்பளம். அதைவிடப் பெரிய பங்கு, உங்களுக்குப் பொருள் கொடுக்கும் லட்சக்கணக்கான சிறு பட்டறைகளுக்கு உரிய நாளில் பணம் கொடுப்பது. சனிக்கிழமை சம்பளம் சரியாகக் கிடைத்தால் எங்கள் ஆபரேட்டர் வண்டி வாங்குவார், அவர் வீட்டில் மிக்ஸி வாங்குவார்கள், அடுக்குமாடியில் வேண்டாம், ஊர்ப்பக்கம் ஒரு சென்ட் இடமாவது பார்ப்பார்கள். நீங்கள் தேடும் வாடிக்கையாளர் எங்கள் பட்டறையில்தான் நின்றுகொண்டிருக்கிறார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எந்த பட்ஜெட் விவாதத்திலும் நீங்கள் இதைப் பேசியதை நான் கேட்டதில்லை.

சரக்கு உங்கள் கேட்டுக்குள் போகிறது. செக்யூரிட்டி டெலிவரி சலானில் முத்திரை போடுகிறார். அதன்பிறகு ஸ்டோர்ஸில் ஜி.ஆர்.என். என்னும் சரக்கு வரவுச் சீட்டு போட வேண்டும், தரச் சோதனை முடிய வேண்டும், பில் கணக்குப் பிரிவுக்குப் போக வேண்டும். இதெல்லாம் முடிந்த நாளிலிருந்துதான் நாள் கணக்குத் தொடங்கும் என்கிறார்கள் உங்கள் அலுவலர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்லாவிட்டால் வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அங்கிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். உங்கள் பர்சேஸ் ஆர்டரில் (பி.ஓ.) 90 நாள் என்றும் 120 நாள் என்றும் அச்சடித்து வருகிறது. கையெழுத்துப் போடாவிட்டால் ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும்.

அந்த நான்கு மாதத்தில் எங்களுக்கு என்ன நடக்கிறது தெரியுமா? இரும்புக்காரருக்கு ரொக்கம் கொடுத்தால்தான் ராடு இறங்கும். மின்கட்டணத்துக்குத் தவணை சொல்ல முடியாது. ஆட்களுக்கு வாரச் சம்பளம். 18 சதவீத ஜி.எஸ்.டி. உள்ள பொருளென்றால் ஒரு லட்ச ரூபாய் பில்லுக்கு 18,000 ரூபாய் வரி. நீங்கள் ஒரு பைசா தராத நிலையிலும், நாங்கள் வாங்கிய பொருளுக்கு ஏற்கெனவே கட்டிய வரி (இன்புட் கிரெடிட்) போக மீதியை அடுத்த மாதம் 20ஆம் தேதி நாங்கள் அரசுக்குக் கட்டியாக வேண்டும். நீங்களோ பில் கணினியில் ஏறியதுமே அந்த 18,000 ரூபாயை வரவாக எடுத்துக்கொள்கிறீர்கள். 180 நாளுக்குள் எங்களுக்குப் பணம் தந்தால் போதும், அந்த வரவு உங்களுக்குச் செல்லும். நாங்கள் கடன் வாங்கிக் கட்டிய வரியை நீங்கள் ஆறு மாதம் வரை அனுபவிக்க வழி இருக்கிறது. இதற்கிடையில் ஓவர்டிராஃப்ட் (ஓ.டி.) கணக்கில் வட்டி ஏறுகிறது, வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. பல்லாயிரம் கோடி கையிருப்புள்ள நிறுவனங்களின் நடைமுறை மூலதனத்தை எங்கள் ஓ.டி. கணக்குகள் சுமக்கின்றன. சிறு தொழில்களுக்கு வராமல் தேங்கி நிற்கும் பணம் 10 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டும் என்று 2022இல் வெளியான ஒரு மதிப்பீடு சொன்னது. அந்த ஆண்டு பட்ஜெட்டில் மத்திய அரசு ஒதுக்கிய மூலதனச் செலவு 7.5 லட்சம் கோடிதான். எந்த அரசும் பட்ஜெட்டில் அறிவிக்க முடியாத ஊக்கத்தொகை உங்கள் கணக்குப் பிரிவுகளின் மேசைகளில் பில்களாகக் கிடக்கிறது.

2023 பட்ஜெட் இதற்கு ஒரு வழி செய்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குச் சட்டம் சொன்ன நாளுக்குள் பணம் தராவிட்டால், அந்தத் தொகையைத் தராதவரை உங்கள் செலவுக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் புது உட்பிரிவு சேர்த்தார்கள். 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தாலும் 2023-24 கணக்கிலிருந்தே அது பொருந்தியது. எத்தனையோ ஆண்டுகளில் எங்களுக்காக ஒரு பட்ஜெட் செய்த உருப்படியான காரியம் என்று நினைத்தேன். அதை எப்படி எதிர்கொண்டீர்கள்? வணிக அமைப்புகளிடமிருந்து முதலில் எழுந்தது ஒத்திவைக்கச் சொல்லும் குரல். உத்யம் என்னும் சிறுதொழில் பதிவு இல்லாதவரிடம் வாங்கிக்கொள்கிறோம் என்ற பேச்சு எங்கள் வட்டாரமெங்கும் பரவியது. பதிவை ரத்து செய்துவிட்டு வந்தால் ஆர்டர் தருகிறோம் என்று கேட்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும். நாங்கள் பாகம் கொடுத்துவந்த ஒரு கம்பெனி 2024 மார்ச் மாதத்தில் எங்கள் பில்களைத் திருப்பி அனுப்பியது. குறியீட்டு எண் தவறு, புதிதாக ஏப்ரல் தேதியில் போட்டுக் கொடுங்கள் என்றார்கள். எண் சரியாகத்தான் இருந்தது. மறுத்திருந்தால் அத்தோடு அந்தக் கம்பெனியின் வேலை நின்றிருக்கும், அதை நம்பி எடுத்த ஆட்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? போட்டுக் கொடுத்தோம். உங்களில் எத்தனை பேருக்கு உங்கள் பெயரில் இப்படி நடப்பது தெரியும் என்று நினைத்துப் பார்க்கிறேன். தெரியாது என்றே நம்ப விரும்புகிறேன்.

சட்டம் இருக்கிறதே, போய் முறையிடுங்கள் என்று சொல்லாதீர்கள். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். வங்கி வீதம் 6.75 சதவீதமாக இருந்தபோது அது 20 சதவீதத்துக்கு மேல். இந்தப் புகார்களை விசாரிக்கும் கவுன்சில் கோவையிலேயே இருக்கிறது, புகாரைப் பதிய சமாதான் இணையதளம் 2017 முதல் இருக்கிறது. அங்கே போகிறவர் பெரும்பாலும் அந்த வாடிக்கையாளரை முழுதாக இழந்துவிட்டவர், அல்லது பட்டறையையே மூடிவிட்டவர். வேலை கொடுக்கிறவர் மீது வழக்குப் போட்டுவிட்டு அடுத்த ஆர்டருக்கு அவர் வாசலில் நிற்க முடியாது. பில் தள்ளுபடிக்கான ட்ரெட்ஸ் தளத்தில் 250 கோடிக்கு மேல் விற்றுவரவு உள்ள கம்பெனிகள் சேர வேண்டும் என்று 2024 ஜூலை பட்ஜெட்டில் சொன்னார்கள். சேர்ந்தீர்கள். சேர்ந்த பிறகு எங்கள் பில்லை அதில் ஏற்றுக்கொண்டு ஒப்புதல் கொடுத்தால்தானே எங்களுக்குப் பணம் வரும்? பெயரைப் பதிந்துவிட்டு அதோடு நிற்கும் கம்பெனிகள் இருக்கின்றன.

எங்களுக்கும் மேலே இருக்கிறவர் தாமதிக்கிறார், அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் மாதக்கணக்கில் இழுக்கின்றன என்று நீங்கள் சொன்னால் அதில் நியாயம் உண்டு. அப்படியானால் பிப்ரவரி முதல் தேதி அதைச் சொல்லுங்கள். அரசு தர வேண்டிய பாக்கியால் எங்கள் சப்ளையர்களுக்குப் பணம் தர முடியவில்லை, பட்ஜெட்டில் அதற்கு வழி இல்லை என்று கேமரா முன்னால் சொல்லுங்கள். எங்கள் சங்கங்கள் அத்தனையும் உங்கள் பின்னால் நிற்கும்.

சொல்வீர்களா என்பதுதான் என் அடுத்த கவலை. தொழில்துறைக்குப் பேச்சு வராத காலம் என்று எப்போதும் இருந்ததில்லை. 1944இல் ஜே.ஆர்.டி. டாட்டா, ஜி.டி. பிர்லா, கஸ்தூர்பாய் லால்பாய், லாலா ஸ்ரீராம் முதலியவர்கள் பம்பாய்த் திட்டத்தை எழுதினார்கள். சுதந்திரம்கூட வந்திருக்கவில்லை. 15 ஆண்டில் 10,000 கோடி ரூபாய் முதலீடு, தலைக்கு வருமானம் இரு மடங்கு என்று இலக்கு வைத்து, அரசு என்ன செய்ய வேண்டும், தொழில்துறை எதை ஏற்க வேண்டும் என்று நாட்டின் முன் வைத்தார்கள். அதில் ஒத்துப்போகாதவர்கள் உண்டு. ஆனால் அது பொறுப்பேற்றவர்களின் பேச்சு. அந்தக் குழுவில் இருந்த ஜான் மத்தாய் பிற்பாடு நிதியமைச்சரானார். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று தாக்கல் செய்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் எங்கள் ஊர்க்காரர், தொழில் குடும்பத்திலிருந்து போனவர். சட்ட அறிஞர் நானி பல்கிவாலா மும்பை பிரபோர்ன் ஸ்டேடியத்தில் ஆண்டுதோறும் பட்ஜெட்டைப் பற்றிப் பேசியபோது பல்லாயிரம் பேர் திரண்டு வந்து கேட்டார்கள். எந்த நிதியமைச்சராக இருந்தாலும் வரி வரியாகப் பிரித்து, தவறைத் தவறென்று சொன்னார் என்பதால் வந்தார்கள்.

2019 நவம்பரில் மும்பையில் மூன்று மத்திய அமைச்சர்கள் மேடையில் இருக்க, பஜாஜ் குழுமத்தின் ராகுல் பஜாஜ் எழுந்து, உங்களை விமர்சித்தால் ஏற்றுக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கை தொழிலதிபர்களுக்கு இல்லை என்று சொன்னார். அவர் சொன்னதைச் சரியென்றும் தவறென்றும் அப்போது நாடே பேசியது. உங்கள் சபைகள் பேசியதாக எனக்கு நினைவில்லை. அவர் இன்று இல்லை. குறையைக் குறையென்று சொல்லத் தயங்குகிற இடத்தில் பாராட்டுக்கும் எடை குறைந்துவிடுகிறது, இதை நீங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள். பார்ட்னர்ஷிப்புக்கு 30 சதவீத வரி ஏன் என்று உங்கள் சபை ஒருமுறை உரக்கக் கேட்டிருந்தால், ஜாப் ஒர்க்குக்கு ஜி.எஸ்.டி.யை 5 சதவீதமாக்கச் சொல்லிக் கோவைச் சங்கங்கள் ஆண்டுகளாகக் கத்துவதில் ஒரு வார்த்தை சேர்த்திருந்தால், பட்ஜெட் நாளில் நீங்கள் தரும் மதிப்பெண்ணை நாங்களும் மதித்திருப்போம். உங்கள் சபைகளில் சிறுதொழில் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அதன் கோரிக்கை உங்கள் மனுவில் எத்தனையாவது பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள்.

ஆராய்ச்சிச் செலவையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். நாட்டின் ஆராய்ச்சிச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். அதில் தனியார் பங்கு மூன்றில் ஒன்றைச் சற்றே தாண்டுகிறது. கொரியாவிலும் சீனாவிலும் முக்கால் பங்குக்கு மேல் தொழில்துறைதான் செய்கிறது. இதற்கும் அரசு ஒரு லட்சம் கோடி ரூபாயில் நிதி ஒதுக்கியிருக்கிறது. இதற்கும் உங்கள் வரவேற்பு அறிக்கை வந்துவிட்டது.

நான் கேட்பது உங்கள் லாபத்தை அல்ல. லாபம் இல்லாமல் தொழில் இல்லை, நாங்களும் அதற்காகத்தான் மெஷின் ஓட்டுகிறோம். கேட்பது இதுதான். பட்ஜெட்டைப் பற்றி நீங்கள் சொல்லும் கருத்தோடு உங்கள் சொந்தக் கணக்கும் சேர்ந்து வர வேண்டும். இந்த பட்ஜெட்டை வரவேற்கிறோம், ஆகவே வரும் ஆண்டில் இத்தனை கோடி இந்த ஊரில் முதலீடு செய்கிறோம், இத்தனை பேரை நிரந்தர வேலைக்கு எடுக்கிறோம் என்று சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அதே நாளில், சொன்னதில் எவ்வளவு செய்தோம் என்றும் சொல்லுங்கள். வரவேற்க முடியவில்லையென்றால் எந்த வரி, எந்த ஒதுக்கீடு என்று பெயர் சொல்லிக் குறையைச் சொல்லுங்கள்.

சிறு நிறுவனங்களுக்கு 45 நாள் தாண்டி வைத்திருக்கும் பாக்கியை நீங்கள் ஏற்கெனவே அரை ஆண்டுக்கு ஒருமுறை கம்பெனிப் பதிவாளருக்குப் படிவத்தில் எழுதித் தருகிறீர்கள். ஆண்டறிக்கையின் கணக்குக் குறிப்புகளில் எங்கோ ஒரு பக்கத்தில் பொடி எழுத்தில் அதுவே இருக்கிறது. அந்த எண்ணை எடுத்து உங்கள் இணையதளத்தின் முகப்பில் போடுங்கள். சபைகள் தங்கள் உறுப்பினர் கம்பெனிகளுக்கு இதை விதியாக்கலாம், அதற்குச் சட்டமோ சலுகையோ தேவையில்லை, ஒரு தீர்மானம் போதும். பி.ஓ.வில் உள்ள 90, 120 நாள் நிபந்தனையை அடித்துவிடுங்கள். ட்ரெட்ஸில் எங்கள் பில்லை ஏற்றுக்கொள்ளும்படி உங்கள் கணக்குப் பிரிவுக்கு எழுத்தில் உத்தரவு கொடுங்கள். பில்லைத் திருப்பியனுப்பித் தேதி மாற்றச் சொல்லும் வேலையை யார் செய்தாலும் தண்டிப்போம் என்று உங்கள் சப்ளையர் கூட்டத்தில் நீங்களே வந்து சொல்லுங்கள். உத்யம் தளத்தில் பதிந்த 6 கோடிக்கும் மேற்பட்ட தொழில்களில் உங்கள் கேட்டில் சரக்கு இறக்குகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பட்ஜெட் எதுவும் வரப்போவதில்லை.

வரும் பிப்ரவரி முதல் தேதி கருத்துக் கேட்டு மைக் உங்கள் முன்னால் வரும். அதற்கு முன்பாக, உங்கள் கம்பெனியில் 45 நாள் தாண்டிக் கிடக்கும் சிறு நிறுவனங்களின் பில்கள் எத்தனை என்று உங்கள் நிதிப் பிரிவுத் தலைவரிடம் கேளுங்கள். கேட்டு, அவற்றை ஜனவரி 31க்குள் தீர்த்துக் கொடுத்துவிட்டு வந்து பேசுங்கள்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு பட்டறைக்காரன்